முகம் சுளிக்க முடியாமல் போன நாட்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் அந்த வார்டில் என் பொறுமையைப் புகழாத ஆளே கிடையாது. ஊசி குத்தினாலும் என் முகம் மாறாது. மூக்கில் டியூப் விட்டாலும் மாறாது. பக்கத்துக் கட்டில் சீன அம்மாள் தன் மகளிடம் என்னைக் கைகாட்டி, பார்த்துக் கற்றுக்கொள் என்கிற மாதிரி ஏதோ சொல்வாள். "இந்த அக்கா மாரி ஒரு பேஷண்ட் கெடைச்சா நாங்க சம்பளமே வேணாம்னு வேல செய்வோம்லா" என்று ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் அக்காவிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பொறுமை இல்லை. முகத்தை அசைக்கும் நரம்பு எனக்கு இரண்டு பக்கமும் படுத்துவிட்டது. வெளியே முகம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. உள்ளே நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அதுவும் யார் மேல்? என்னைப் பார்த்துக்கொள்ள வந்த சொந்த அக்கா மேல்.

இதே நோய் வந்து படுத்திருப்பவர்களுக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். நோயை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைத்தால் பாதிப் பொய்யாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். எங்கள் வேலை மெஷின்களுக்குள் போகும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, நிறம் பார்த்து, நம்பர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் கரண்ட் போகிறதா என்று சோதித்து அனுப்புவது. கணவர் குணா துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் கீர்த்தனாவுக்கு ஒன்பது வயது. ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடியில் ஏழாவது மாடி வீடு.

முதலில் வந்தது வயிற்றுப்போக்கு. வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன், மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, லைனில் நிற்கும்போது இரண்டு பாதமும் மரத்தன. புது சேஃப்டி ஷூவைக் குறை சொன்னேன். செவ்வாய்க்கிழமை வயர் நுனியில் பின்னை அழுத்தும் இடுக்கி கையிலிருந்து நழுவியது. புதன்கிழமை சாயந்திரம் எங்கள் பிளாட்டில் லிஃப்ட் ரோசாக், ஓடவில்லை. வழக்கம்போல் திட்டிக்கொண்டே படி ஏறினேன். நான்காவது மாடியில் கால் அடுத்த படிக்கு எழவில்லை. வலியே இல்லை. தூக்கு என்று நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து குணாவுக்குப் போன் போட்டேன். குணா கீழே வந்து, பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரையும் கூப்பிட்டு, இருவருமாக என்னைத் தூக்கிக்கொண்டுபோய் காரில் போட்டார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் என் முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறு காலிலும் தட்டினார். பிறகு இரண்டு முழங்கைகளிலும். நான்கு முறையும் ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவர் முகம் மாறியது. எங்கள் லைனில் டெஸ்டர் விளக்கு எரியாதபோது நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

மறுநாள் முதுகில் ஊசி விட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். சுருண்டு படுத்து, முட்டியை நெஞ்சோடு சேர்த்து, அசையாமல் இருக்க வேண்டும். வலியைவிட பயம்தான் அதிகம். அடுத்து நரம்புச் சோதனை. கையிலும் காலிலும் ஒட்டுப் போட்டு, ஓரிடத்தில் சின்ன ஷாக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று அளக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக நான் வயர்களுக்குச் செய்வதை யாரோ எனக்குச் செய்தார்கள்.

எனக்கு வந்தது ஜி.பி.எஸ். முழுப்பெயர் என் வாயில் நுழையவில்லை. "கார்ல வழி காட்டுமே, அதுவா?" என்று குணா பாவம் நிஜமாகவே கேட்டார். டாக்டர் அய்னா சிரிக்கவில்லை. சின்ன வயது மலாய்ப் பெண், மெதுவாகப் பேசுவார். மலாயில்தான் விளக்கினார். வயிற்றில் வந்த கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல் படை, கிருமி எது நரம்பு எது என்று தெரியாமல் நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிறது. உறை போனால் செய்தி போய்ச் சேராது. உள்ளே இருக்கும் கம்பி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். உறை திரும்ப வளரும், ஆனால் மாதக்கணக்கு ஆகும் என்றார்.

"இன்சுலேஷன் போயிருச்சு, காப்பர் இருக்கு" என்றேன்.

"டெப்பாட்" என்றார். சரியாகச் சொன்னாய் என்று அர்த்தம். என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னதும், பேனாவை எடுத்து என் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. முன்னாலிருந்து பின்னால் நம்பர் போட்டிருக்கிறார்கள். சில நரம்புகள் செய்தி கொண்டுவர மட்டும். ஒன்று மணத்துக்கு, இரண்டு பார்வைக்கு, எட்டு காதுக்கும் தள்ளாடாமல் நிற்பதற்கும். சிலது உத்தரவு போட மட்டும். மூன்று, நான்கு, ஆறு கண்ணைத் திருப்ப. பதினொன்று தோளைத் தூக்க. பன்னிரண்டு நாக்குக்கு. மீதி நான்கும் இரண்டு வேலையும் பார்க்கும். ஐந்து முகத்தின் தொடு உணர்ச்சிக்கும் மெல்லுவதற்கும், ஏழு முகத்தை அசைக்கவும் கொஞ்சம் ருசிக்கும், ஒன்பதும் பத்தும் தொண்டைக்கு. பத்தாவது மட்டும் கழுத்தைத் தாண்டி இதயம் வயிறு என்று ஊரெல்லாம் சுற்றும்.

தலைக்குக் கீழே தண்டுவடத்திலிருந்து வருபவை முப்பத்தொரு ஜோடி. இவற்றில் வகை பிரிக்க வேண்டியதே இல்லை, எல்லாமே இரட்டை வேலை. பின்பக்க வேரில் செய்தி உள்ளே வரும், முன்பக்க வேரில் உத்தரவு வெளியே போகும். இரண்டும் சேர்ந்து ஒரே கட்டாக எலும்புகளுக்கு நடுவே வெளியே வரும். எந்த மட்டத்தில் வருகிறதோ அதை வைத்துப் பெயர். கழுத்தில் எட்டு, நெஞ்சில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, அதற்குக் கீழே ஐந்து, வால் எலும்பில் ஒன்று.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று சரியாக வந்தது. ஆனால் அவர் வரைந்த கழுத்தில் எலும்பு ஏழுதான் இருந்தது.

"எலும்பு ஏழு, நரம்பு எப்படி டாக்டர் எட்டு?"

அவர் முதல் முறையாகச் சிரித்தார். முதல் ஜோடி முதல் எலும்புக்கும் மேலே வெளியே வந்துவிடும், எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே வரும், அதனால் ஒன்று கூடுதல் என்றார். இதைக் கேட்ட முதல் பேஷண்ட் நான்தானாம். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமை. கால் இரண்டும் கட்டை மாதிரி கிடக்கும்போதும் மனுஷிக்குப் பெருமை கேட்கிறது பாருங்கள்.

தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அதன் விலையைக் கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்போம், ஓடக் கால் இருந்திருந்தால். மருந்து வேலை செய்யும் முன்பே நோய் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பு போனது, கை போனது. மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சு நின்றது, அதாவது குறையாமல் நின்றது. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்த்துவிட்ட மிஸ்ஸி, தண்ணீர் என் வாயின் இரண்டு ஓரத்திலும் ஒழுகுவதைப் பார்த்தாள். ஏழாவது நரம்பு. மறுநாள் கஞ்சி தொண்டையில் நின்றது. ஒன்பது, பத்து. மூக்கு வழியாக டியூப் போட்டு அதில் பாலை ஊற்ற ஆரம்பித்தார்கள். கண் மூடாததால் தூங்கும்போது இமைக்கு டேப் ஒட்டினார்கள். பேச்சு மூக்கால் வந்தது, பாதி எழுத்து காணாமல் போனது.

அந்த நேரத்தில்தான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அக்கா இரண்டு பையோடு பாலம் தாண்டி வந்து இறங்கினாள்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வீட்டிலேயே சமைத்து விசேஷங்களுக்கு அனுப்புகிறாள். கல்யாண சீசனில் கிடைத்த ஆர்டரையெல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு என் வீட்டைப் பார்க்க வந்தாள். அத்தானை ஒரு மாசம் கடையில் சாப்பிடச் சொல்லிவிட்டாளாம். எல்லாரும் சொன்னார்கள், இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும் என்று. எனக்குக் கிடைத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். நான் போட்டால் அம்மா துடைப்பத்தோடு வருவார். அவளுக்கு ஏதாவது நல்லது நடக்கும்போதெல்லாம் என் மூக்கு சுருங்கி, மேல் உதடு ஏறி, ஒரு முகம் வரும். வேண்டுமென்று செய்வது இல்லை, தானாக வரும். எங்கள் வீட்டில் அதற்கு அசாம் மூஞ்சி என்று பெயர். புளியைக் கடித்த மாதிரி இருக்குமாம். "மா, விமலா அசாம் மூஞ்சி வைக்கிறா" என்று அக்கா போய்ச் சொல்லி நான் வாங்கிய அடிகள் கொஞ்சநஞ்சமில்லை.

விசிட்டிங் நேரத்தில் மூன்று பேரும் வருவார்கள். குணா வேலையிலிருந்து நேராக வருவதால் அக்கா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து என் கட்டில் பக்கத்திலேயே டப்பாவைத் திறப்பாள். மீன் குழம்பு. முதல் இரண்டு நரம்புகளும் உண்மையில் மூளையின் நீட்சி, அவற்றின் உறை வேறு வகை, அதனால் இந்த நோய் அவற்றைத் தொடாது என்று டாக்டர் அய்னா சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொன்னார். விழுங்க முடியாது, சிரிக்க முடியாது, ஆனால் வெந்தயம் எந்தப் பதத்தில் பொரிந்திருக்கிறது என்பதுவரை எனக்கு மணந்தது. குணா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். என் சமையலில் அவர் கருவேப்பிலையை ஓரமாக ஒதுக்குவார். அன்று கருவேப்பிலையும் போனது.

அவர் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கீர்த்தனாவுக்கு அக்கா நான்கு பிரியாகப் பின்னி, ரிப்பன் கட்டியிருந்தாள். அதை ஸ்கூல் டீச்சர் போட்டோ எடுத்தாராம். எனக்கு இரட்டைச் சடையே கோணலாகத்தான் வரும்.

"பெரியம்மா கிச்சன் எல்லாம் கெமாஸ் பண்ணி நீட்டா வெச்சுட்டாங்கம்மா. டப்பா எல்லாம் புதுசா அடுக்கிருக்கோம்" என்றாள் கீர்த்தனா, போனில் படம் காட்டினாள். என் மசாலா டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் நான் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த நம்பர் ஒட்டியிருப்பேன். சீரகம் நான்கு, சோம்பு ஐந்து. படத்தில் ஒரு நம்பரும் இல்லை. ஒட்டைச் சுரண்டி, கழுவி, பளபளவென்று வைத்திருந்தாள்.

"நம்பர் ஒட்டி யாருடி சமைப்பா, மணத்துல தெரியாதா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தாள், என் கால்விரல் இடுக்குகளையெல்லாம் துடைத்துப் பவுடர் போட்டாள். அவ்வளவு மென்மையான கை. அந்தக் கையை நான் வெறுத்தேன். அசாம் மூஞ்சி எழும்பப் பார்த்தது, எழும்ப வழியில்லை. நான் கூரையைப் பார்த்தபடி சாந்தமாகப் படுத்திருந்தேன்.

"எவ்ளோ பொறும இவளுக்கு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள், கை விரல்கள் மெல்ல அசைய ஆரம்பித்திருந்தன. அன்று கீர்த்தனா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத மாதிரி என்னிடம் சொன்னாள்: "மா, நீ வீட்டுக்கு வந்தப்புறமும் பெரியம்மா நம்ம கூடவே இருக்கட்டும்லா. ப்ளீஸ்."

அவளைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளை, நல்ல சாப்பாடும் நல்ல சடையும் கேட்கிறது. ஆனால் எனக்கு ஒரே எண்ணம்தான். இன்னும் ஒரு மாசம் இங்கே கிடந்தால் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. கட்டில் இருக்கும், இடம் இருக்காது. டியூபை எடுத்தால்தான் மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள், பிறகு வீடு. டியூபை எடுக்க விழுங்கும் சோதனையில் பாஸாக வேண்டும்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எந்தச் சோதனைக்கும் ஒரு வரிசை இருக்கும். விழுங்கப் பயிற்சி கொடுக்க வருபவர் மிஸ் லோகா, பாகான் டாலாம் பெண். கெட்டியாகக் கலக்கிய தண்ணீரை ஒரு டீஸ்பூன் வாயில் வைப்பார். கழுத்தில் விரல் வைத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். "ஆ" சொல்லச் சொல்வார், குரல் ஈரமாகக் கேட்டால் ஃபெயில். பிறகு குனிந்து எழுதுவார். அவர் எழுதும் அந்தச் சில வினாடியில் மிச்சத்தை இரண்டு மூன்று தடவை விழுங்கிவிட்டால் அடுத்த "ஆ" சுத்தமாக வரும். மூன்று நாள் கவனித்து இதைப் பிடித்தேன்.

"ஒரே தடவையில எறங்கிச்சாக்கா? தொண்டையில ஒட்டுன மாரி இல்லையே?"

"எறங்கிருச்சு. ஒட்டல."

இதே மாதிரி சோதிக்காமலே பாஸ் முத்திரை குத்திய ஒரு பெண்ணுக்குப் போன வருஷம் நான்தான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். அவள் அழுதாள், நான் இளகவில்லை.

மிஸ் லோகா ஜாக்கிரதையான ஆள். கெட்டியான கூழ் மட்டும், டீஸ்பூனில், நிமிர்ந்து உட்கார்ந்து, அதுவும் மிஸ்ஸி பக்கத்தில் இருக்கும்போது என்று மட்டும்தான் அனுமதித்தார். தண்ணீர், டீ எதுவும் கூடாது, டியூப் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். கட்டில் தலைமாட்டில் அதை எழுதி அட்டையும் ஒட்டினார். எனக்கு அது போதவில்லை.

அன்று சாயந்திரம் அக்கா பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவந்திருந்தாள். கீர்த்தனா கப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா டீதான் பெஸ்ட்" என்று உறிஞ்சினாள். குணா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் குடு" என்றேன்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். "கூடாதுன்னு போட்டுருக்கே?"

"அது பழசு. இப்ப குடிச்சுப் பழகச் சொன்னாங்க. நாளைக்கு டியூப எடுத்துருவாங்க."

"நெஜமாவா விமு?" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடிப்போய் யாரையாவது கேட்டிருக்கலாம். தங்கச்சி பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. என் தலையைத் தன் தோளில் சாய்த்து, ஊதி ஊதி ஆற்றி, அரை கப் கொடுத்தாள். இருமலே வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இருமல் வராததுதான் ஆபத்து என்று பிறகு டாக்டர் அய்னா விளக்கினார். தொண்டையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு சரியாக வேலை செய்யாவிட்டால், டீ நுரையீரலுக்குள் இறங்குவது உடம்புக்கே தெரியாதாம்.

இரண்டாம் நாள் காய்ச்சல். மூச்சு வாங்கியது. நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் மோசமானால் மெஷினில் போடுவோம் என்று குணாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அரை கப் டீ கொடுத்தேன் என்று அக்காதான் டாக்டரிடம் முதலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அதைக் கேட்ட குணா என் கட்டில் பக்கத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். "படிக்கத் தெரியாதா அண்ணி? அட்டையில இவ்ளோ பெருசா எழுதிருக்கு. ஏன் குடுத்தீங்க? இவளுக்கு ஒன்னு ஆனா நானும் என் புள்ளையும் என்ன பண்ணுவோம்?"

அவர் அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாஸ்க்குக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நான், எழுதவே கூசுகிறது, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். அவள் வாய் திறப்பாள், இவதான் குடுக்கச் சொன்னா என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "தப்புதான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது. அதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பிறகுதான் வெட்கம் வந்தது, அது போகவே இல்லை.

மெஷினில் போடவில்லை. ஆறு நாளில் பழைய வார்டுக்கே வந்தேன். அக்கா வருவதை நிறுத்தவில்லை. ஆனால் என் உடம்பில் எதையும் மிஸ்ஸியைக் கேட்காமல் தொடமாட்டாள். கண் மருந்துக்குக்கூட, "விடலாமா மிஸ்ஸி?" என்று நின்று கேட்பாள். அவளும் குணாவும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பேச்சு தெளிவாக வரட்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் அய்னா தினமும் தலை நரம்புகளை வரிசையாகச் சோதிப்பார். கண்ணைத் திருப்பு, தோளைத் தூக்கு, நாக்கை நீட்டு. ஏழாவதுக்கு வந்ததும், புருவத்தை உயர்த்து, கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு. ஒன்றும் நடக்காது. "இடது பூஜ்யம், வலது பூஜ்யம்" என்று எழுதிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். கால்கள்கூட மெல்ல மடங்க ஆரம்பித்துவிட்டன. முகம் மட்டும் வரவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் சாயந்திரம். குணா என் காலை நீவிக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் அக்கா. கீர்த்தனா வந்ததும் வராததுமாக அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, தலையை அவள் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள், தூக்கம் வந்தால் என் மேல் சாய்கிற அதே மாதிரி. அக்காவின் கை தானாகப் பிள்ளையின் முடியைக் கோதியது. எனக்குள் அந்தப் பழைய நெருப்பு கிளம்பியது. மூக்கின் இடது பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

அக்கா என்னையே பார்த்தாள். கோதிய கை நின்றது.

"தம்பி, இவள பாருங்க."

"என்ன?" குணா பயந்து எழுந்தார்.

"அசாம் மூஞ்சி." அவள் குரல் உடைந்தது. "அசாம் மூஞ்சி வந்துருச்சு."

பிள்ளையை இறக்கிவிட்டு ஓடினாள். டாக்டர் அய்னாவோடு திரும்பி வந்தாள். அவர் பல்லைக் காட்டச் சொன்னார், மூக்கைச் சுருக்கச் சொன்னார். எவ்வளவு முயன்றாலும் ஒன்றும் வரவில்லை. சில சமயம் உறவுக்காரர்களுக்கு அப்படித் தோன்றும் என்று அவர் தன்மையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கெஜாப், டாக்டர், கெஜாப்" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அக்கா அவரை நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து, கீர்த்தனாவை இழுத்து மடியில் வைத்து, இறுக்கி அணைத்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்தபடி கேட்டாள்: "கீர்த்தி, யாரு வெக்கிற ரசம் நல்லாருக்கும்?"

"பெரியம்மா ரசம்."

"யாரு தல பின்னுனா அழகாருக்கும்?"

"பெரியம்மாதான்."

மூக்கு சுருங்கியது. இடது மேல் உதடு ஒரு நூல் அளவு ஏறியது. டாக்டர் குனிந்து பார்த்து, இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னார். அக்கா கேட்டாள், கீர்த்தனா சொன்னாள், உதடு மறுபடி ஏறியது. "இடது, ஒன்று" என்று டாக்டர் எழுதினார். இப்படி ஒரு சோதனையைப் படித்ததே இல்லை என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகம் அசையாததால் என் பொறாமை இங்கே யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூடத் தெரிந்திருந்தது.

"டீ" என்றேன். ஒவ்வொரு சொல்லாக, மூக்கால் சொன்னேன். "நான்தான் பொய் சொன்னேன். குடிக்கலாம்னு சொன்னாங்கன்னு. அக்கா மேல தப்பு இல்ல."

குணா அக்கா பக்கம் திரும்பினார். "ஏன் அண்ணி அன்னிக்கே சொல்லல?"

"எப்படித் தம்பி சொல்றது? மூச்சு விட முடியாம கெடக்குறா. மாட்டிவிடவா முடியும்?" அக்கா என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், மிஸ்ஸியைக் கேட்காமல். "நான் வந்து ஒரு மாசம் ஆச்சு. உன் டப்பாவ மாத்துறேன், உன் புருஷனுக்கு ஆக்கிப் போடுறேன், உன் புள்ளைக்குத் தல பின்னுறேன். மூஞ்சியில ஒன்னுமே இல்ல. கட்டில்ல படுத்துருக்குறது நீதானான்னு எனக்கு பயமா இருந்துச்சுடி."

எனக்குக் கண்ணீர் கொட்டியது. கண்ணீர்ச் சுரப்பிக்கும் அதே ஏழாவது நரம்புதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று துடைத்துவிட்டவளும் அவளேதான்.

நாற்பத்தோராம் நாள் மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து ஆறு வாரத்தில் வீடு. இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய பெண்ணிடம் ஒரு நாள் டீ நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முகம்தான் கடைசியாக வருகிறது. இடது பக்கம் தேறிவிட்டது, வலது பக்கம் இன்னும் மந்தம். கண்ணாடி முன் நின்று தினமும் மூக்கைச் சுருக்கப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். டப்பாக்களுக்குத் திரும்ப நம்பர் ஒட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா சிம்பாங் அம்பாட்டிலிருந்து வீடியோ கால் போடுவாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டாள். "எங்க, கேமரா கிட்ட வா" என்பாள். பிறகு காட்டத் தொடங்குவாள். ஒரு வாரம் மகன் வாங்கிக்கொடுத்த வளையல். ஒரு வாரம் முந்நூறு பேருக்குச் சமைத்த விசேஷத்தில் எல்லாரும் சொன்ன பாராட்டு, ஒன்று விடாமல். போன வாரம் கீர்த்தனா அவளுக்கு மட்டும் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, நான்கு வரி, இதயப் படத்தோடு. என் பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு வரிதான் வந்திருந்தது.

அக்கா போனைக் கண்ணருகே வைத்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஆ, ரைட் சைடு இன்னிக்கு நல்லா வருது" என்றாள், "இரு, இன்னும் ஒன்னு இருக்கு, காட்றேன்."